இரண்டு சைபர்

ஷார்ஷென் காலைத் தூக்கி என் மேசைமேல் வைத்தான்.
முள்கம்பி கிழித்துப் பன்னிரண்டு நாள்.
"தினம் மூன்று வேளை ஊற்றுகிறேன், புருல்சா.
பாரேன், இன்னும் நுரைக்கிறது" என்றான்,
பந்தயத்தில் குதிரை ஜெயித்தவன் குரலில்.

பெராக்சைடு.
கூடாரத்தில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்களாம்.
நுரை அடங்கும்வரை சின்னவன் எண்ணுவானாம்.
நேற்று எழுபத்திரண்டு.

நுரைக்குக் கண் கிடையாது, ஷார்ஷென்.
கிருமியைக் கொல்லும்.
ராத்திரி முழுக்க உன் உடம்பு
இழை இழையாக நெய்து வைத்த தசையையும் கொல்லும்.
விடிந்ததும் நீயே பிரித்துப் போடுகிறாய்,
பிள்ளைகள் கைதட்ட.

புண்ணின் விளிம்பு வெளுத்திருந்தது,
நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல.
சீழ் இல்லை. சூடு இல்லை.
சிவப்பு முழங்காலை நோக்கி ஏறவில்லை.
ஏறியிருந்தால் அந்தக் கணமே நரீனுக்கு லாரி.
தடுப்பூசி மட்டும் போன வருஷமே போட்டிருந்தேன்,
திட்டிக்கொண்டே கை நீட்டினான்.

கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.
இந்த உயரத்தில் தண்ணீர் அவசரக்காரி,
சூடேறும் முன்பே கொதித்துக் காட்டுவாள்.
அதனால் இன்னும் மூன்று நிமிடம்.
அரை லிட்டருக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்பு.
ஆறவிட்டேன். கை கழுவினேன். ஊற்றினேன்.

"எரியவில்லையே."
"எரியாது."
"எரியாத மருந்து ஒரு மருந்தா?"

தண்ணீர் கலந்த குமிஸ் விற்பவளைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தான்.
கண்ணுக்கு ஏதாவது வேண்டும் அவனுக்கு.
புண்ணைத் தொடாமல்
சுற்றியுள்ள தோலில் மட்டும் பச்சை மருந்து தடவினேன்.
உள்ளே ஒரு சொட்டும் இறங்கக் கூடாது.
வயலுக்கு வரப்பு, அவ்வளவுதான்.
பெராக்சைடு பாட்டிலை உன் மனைவியிடம் கொடு,
கால்சட்டையில் ரத்தக் கறை போக நல்லது.

அவன் சிரிக்கவில்லை.
"வலித்தால்தானே வேலை செய்கிறது" என்றான்.

அந்த நேரம் பார்த்து
ஜிபெக் பால்வாளியோடு உள்ளே வந்தாள்.

பத்தொன்பது வயது அவளுக்கு.
கறக்கக் குனியும்போது பாவாடை விலகும்.
இடது முழங்காலில் ஒரு பளபளப்பு,
இஸ்திரி போட்டதுபோல.
அதைப் பார்க்காமல் இருக்க
நான் பதினான்கு கோடைகளாகக் குதிரைகளைப் பார்க்கிறேன்.

என் முதல் வருஷம். கூரை ஒழுகும் இரும்பு வேகன்.
செறிவான குளோர்ஹெக்சிடின் பாட்டில்,
நனைந்து உரிந்த லேபிள்.
ஒரு பங்குக்கு நானூறு பங்கு நீர் என்று எழுதியிருந்தது.
மழை இரண்டு சைபரைத் தின்றுவிட்டது.
நான்கு என்று படித்தேன்.
கேட்க ஆள் இல்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டேன்.
ரேடியோ இருந்தது.
தெரியாதவள் என்று நினைப்பார்களே என்றுதான்.

ஐந்து வயதுக் குழந்தை, சிராய்த்த முழங்கால்.
அலறினாள்.
நான் சொன்னேன்:
"மருந்து வேலை செய்கிறது, கண்ணே."

இப்போது என் லேபிள்கள் எல்லாவற்றின் மேலும்
நகப்பூச்சு, நிறமற்றது.
திறந்த தேதி கொட்டை எழுத்தில்.
ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை.
வோட்கா பாட்டிலில் மருந்தை மாற்றி ஊற்றுவதில்லை.
வாசிக்க முடியாததைத்
தோலுக்குக் கொண்டுபோவதில்லை.

இதையெல்லாம் ஷார்ஷெனிடம்தான் சொன்னேன்.
கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே,
முகம் நிமிராமல்,
அவள் காதில் விழும்படி.

ஷார்ஷென் காலை மெல்லக் கீழே இறக்கினான்.
எதுவும் பேசாமல் வெளியே போனான்.
குதிரை கிளம்பும் சத்தம் வரவில்லை.

ஜிபெக் வாளியைத் தரையில் வைத்தாள்.
"இரண்டு சைபரா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

வாளியில் பால்நுரை
ஒவ்வொரு கண்ணாக உடைந்துகொண்டிருந்தது.
அவளும் அதைத்தான் பார்த்தாள்.
நான் எண்ண ஆரம்பித்தேன்.